நாற்பத்து நான்கு நிமிடக் கண்ணாடி

என் தம்பி ஓட்மாரிடம் துப்பாக்கிமேல் பூட்டிக் குறிபார்க்கும் ஸ்கோப் ஏழு இருந்தது. அதைப் பூட்டுவதற்குத் துப்பாக்கி ஒன்றே ஒன்றுதான். அவன் கடைசியாக ஒரு காட்டுப்பன்றியைச் சுட்டது பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால். அந்தப் பன்றியும் கிழடு, நோஞ்சான், எப்படியும் அந்த வாரம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆனாலும் எங்கள் ஃபோகெல்ஸ்பெர்க் மலைப்பக்கத்தில் எவன் புது ஸ்கோப் வாங்குவதானாலும் கடைக்குப் போவதற்கு முன் ஓட்மார் வீட்டு மணியைத்தான் அடிப்பான். அடித்தவன் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை.

முப்பத்தெட்டு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவன். அடுத்தவன் வயலை லென்ஸ் வழியாகவே பார்த்துப் பழகியவனுக்கு வெறுங்கண்ணால் பார்ப்பது என்றால் ஒரு இளக்காரம். அவன் மனைவி மார்கிட் வீட்டை விட்டுப் போன அன்று அவன் பின்கட்டில் இரண்டு ஸ்கோப்பை மணல் மூட்டைமேல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தானாம். பெட்டியோடு அவள் வாசலைத் தாண்டுவதை எண்பதடி தூரத்திலிருந்து இரண்டிலும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறான். "ஆஸ்திரியாக்காரனோடதுல ஓரம் கொஞ்சம் தெளிவாத் தெரிஞ்சுது" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். 

நான் ஹெட்விக். அவனுக்கு நான்கு வயது மூத்தவள். ஊரைச் சுற்றியுள்ள காட்டுக்கும் வயலுக்கும் வேட்டைக் குத்தகை என் பேரில் இருக்கிறது. யார் எந்தப் பரணில் உட்காருவது, யார் வயலுக்குள் இறங்கிக் கைதட்டிப் பன்றியை விரட்டுவது என்றெல்லாம் எழுதி வேட்டைக் குடிசைக் கதவில் ஒட்டுகிறவள் நான்தான். அந்தத் தாள் ஒட்டப்போகும் வாரத்தில் இந்த ஊர் ஆண்கள் என்னிடம் காட்டும் பணிவை அவர்கள் பெண்டாட்டிமார் பார்த்தால் அழுதேவிடுவார்கள்.

ஓட்மாரின் பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். காட்டுப்பன்றி வெளியே வருவது சூரியன் மறைந்த பிறகு. அந்த நேரத்துக்கு ஸ்கோப்பின் முகம், அதாவது முன்பக்க லென்ஸ், அகலமாக இருக்க வேண்டும். "முகம் அம்பத்தாறு மில்லி, பெரிதாக்குறது எட்டு மடங்கு. அம்பத்தாற எட்டால வகுத்தா ஏழு. ஏழு மில்லி அகலத்துக்கு வெளிச்சம் அப்படியே உன் கண்ணுக்குள்ள வந்து கொட்டும்! அதுக்குக் கீழ இருக்கிறதெல்லாம் கல்யாண வீட்டுல பொண்ணு பாக்குற கண்ணாடி." எங்கள் வேட்டைச் சங்கத்துச் செயலாளர் எக்பர்ட் ரொட்டிக்கடை வைத்திருப்பவர். கைநிறைய மாவோடு நிற்கும்போது கூட அவரைப் பிடித்து வைத்து இந்த வகுத்தல் கணக்கைச் சொல்லியிருக்கிறான்.

சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகிறவன் என்றாலாவது விட்டுவிடலாம். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை குடிசைக்குப் பின்னால் 'அந்திச் சோதனை' என்று ஒன்று நடத்துவான். துப்பாக்கிகளெல்லாம் உள்ளே அலமாரியில் பூட்டப்படும். ஸ்கோப்புகள் மட்டும் கழற்றப்பட்டு நீள பெஞ்சில் மணல் மூட்டைகள்மேல் வரிசையாக உட்காரும். எண்பது தப்படி தள்ளி, புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இரண்டு கம்பு நட்டிருக்கிறோம். அதில் பன்றி உருவமாக வெட்டிய கறுப்புப் பலகையை ஒருவர் போய் மாட்டிவிட்டு, பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி ஒரு விசில் கொடுக்க வேண்டும். விசில் கேட்டபின் ஓட்மார் ஒவ்வொரு ஸ்கோப்பாகக் கண்ணை வைத்து, பன்றி எந்தப் பக்கம் பார்க்கிறது, ஒற்றையா குட்டியோடா என்று சொல்வான். பலகையை மாற்றி மாற்றி மாட்டச் சொல்லி, எதுவுமே தெரியாமல் போகும்வரை விடமாட்டான். சூரியன் மறைந்து எத்தனை நிமிடம்வரை எந்த ஸ்கோப் தாக்குப்பிடித்தது என்பதை எக்பர்ட் நோட்டில் எழுதுவார். அந்த நோட்டில் ஏறியதை மாற்ற எங்கள் ஊர்ப் பாதிரியாருக்கும் தைரியம் கிடையாது.

இந்த வருஷம் இருபத்தைந்தாவது சோதனை. அதனால் இருபத்து நான்கு வருஷக் கணக்கையும் ஒரே தாளில் அழகாக எழுதிச் சட்டம் போட்டுக் குடிசைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று நோட்டை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்க்கா" என்றான். வேலை ஆக வேண்டும் என்றால் அவனுக்குத் தேன் ஒழுகும்.

எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு வருஷமும் முதலில் சோதிப்பது அவன் முதன்முதலாக வாங்கிய பழைய ஸ்கோப்பைத்தான். மற்றதை எல்லாம் எடைபோட அதுதான் அவனுக்கு எடைக்கல். முதல் வருஷம் அது நாற்பத்து நான்கு நிமிடம் நின்றிருக்கிறது. அடுத்தது நாற்பத்து மூன்று. கொஞ்ச வருஷம் கழித்து முப்பத்தெட்டு. அப்புறம் முப்பத்தொன்று, இருபத்தேழு. போன வருஷம் பத்தொன்பது. ஓரத்தில் அவன் கையெழுத்து: 'கண்ணாடியில் மங்கல் ஏறுகிறது.' அதற்குக் கீழே: 'தொழிற்சாலைக்கு அனுப்பினேன். ஒரு குறையும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.' அதற்கும் கீழே, அழுத்தி எழுதியதில் தாளே கிழிந்து: 'பொய்யர்கள்.'

படித்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் மற்ற வரிசைகளைப் பார்த்தேன். புது ஸ்கோப், பழைய ஸ்கோப், ஜப்பான், செக், எதுவானாலும் வருஷத்துக்கு வருஷம் எல்லாமே சரிந்துகொண்டு போயிருக்கிறது. உலகத்தில் உள்ள அத்தனை லென்ஸ் கம்பெனியும் கூடிப் பேசிக்கொண்டு என் தம்பியை மட்டும் ஏமாற்ற ஆரம்பித்துவிட்டன என்று நம்புவதற்கு ஒரு தனி மூளை வேண்டும். அது அவனுக்கு இருந்தது.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம்தான் ஆபரேஷன் செய்துகொண்டேன். பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைத்தார்கள். கட்டுப் பிரித்த அன்று என் வீட்டு அடுப்படிச் சுவர் எவ்வளவு அழுக்கு என்று பார்த்து அதிர்ந்துபோனேன். அப்போதே டாக்டர் அம்மா சொன்னார், வயதானால் கண்ணின் பாப்பா முன்னைப்போல விரியாது, இருட்டில் ஐந்து மில்லி திறந்தாலே பெரிசு என்று. ஓட்மாரின் ஏழு மில்லி வெளிச்சத்தில் மீதி இரண்டு எங்கே போய்க் கொட்டுகிறது? அவன் கன்னத்தில்தான் கொட்ட வேண்டும். மிச்சம் உள்ளே போகிற ஐந்துக்கும் முன்னால் புரை வேறு நிற்கிறது என்றால்?

பழைய ஸ்கோப்பை அவனுக்குத் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துவந்தேன். சூரியன் மறைந்து நாற்பத்தைந்து நிமிடம் கழித்து மாடி ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். குதிரை வளர்க்கும் அண்டைவீட்டு ரோஸ்விதாவின் மேய்ச்சல் நிலத்தில் மூன்று குட்டைக் குதிரைகள் நின்றன. பன்னிரண்டு காலையும் எண்ணினேன். கறுப்புக் குதிரை வாலை ஆட்டியதுகூடத் தெரிந்தது. அந்த ஸ்கோப்பில் ஒரு மங்கலும் இல்லை. மங்கல் அவன் கண்ணில்தான்.

அவன் இந்த வருஷம் என்னிடம் கேட்டிருந்ததோ சோளக்காட்டுப் பரண். மக்காச்சோளம் அறுப்பதற்கு முந்தின இரண்டு வாரம், அந்தி சாய்ந்ததும் பன்றிகள் சோளத்தை விட்டு வெளியே வரும் இடம். தாய்ப் பன்றி முன்னால் வரும், குட்டிகள் பின்னால் சோளத்துக்குள் நிற்கும். குட்டியோடு இருக்கும் தாயைச் சுட்டால் வேட்டை உரிமம் போயிற்று, கோர்ட்டு வழக்கும் உண்டு. அதுகூடப் பரவாயில்லை. பரணிலிருந்து பார்த்தால் சோளத்துக்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்குப் பின்னால் ரோஸ்விதாவின் குதிரைகள். அவற்றுக்குத் தண்ணீர் வைக்க அந்த நேரத்துக்குத்தான் ரோஸ்விதா குனிந்து குனிந்து வாளி தூக்கிக்கொண்டு வருவாள்.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். மேஜைமேல் எட்டாவது ஸ்கோப் பஞ்சுக்குள் படுத்துக் கிடந்தது. அதன் விலையில் அவன் இரண்டு வருஷம் இத்தாலிக் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கலாம்.

"என்னடா இது, இன்னொரு பிள்ளையா?"

"கேலி பண்ணாதக்கா. இதுதான் கடைசி. தொண்ணூத்து நாலு சதவீதம் வெளிச்சம் உள்ள வரும். சோளக்காட்டுக்குன்னே வாங்கினது."

"ஓட்மார், ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட போயிட்டு வாயேன்."

"எனக்கு எதுக்கு? நான் பேப்பர் கண்ணாடி இல்லாமப் படிக்கிறேன்."

"பேப்பர் பகல்லதானடா படிக்கிறே. நோட்டைப் பாத்தியா? நாப்பத்து நாலு பத்தொம்பது ஆயிருக்கு."

"அது ஸ்கோப்போட கோளாறு. நான்தான் எழுதி வெச்சிருக்கேன்ல!"

"எல்லா ஸ்கோப்புக்கும் ஒரே நேரத்துல கோளாறு வருமா?"

"இப்ப எவன் ஒழுங்கா செய்றான்? எல்லாம் காசு பிடுங்கிப் பசங்க." பஞ்சை மூடிவைத்தான். "நீ பிளாஸ்டிக் கண்ணைப் போட்டுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காத. இருபத்தஞ்சு வருஷமா இந்த ஊருக்கே கண்ணு நான்தான். சோளக்காட்டுப் பரணை எனக்குத் தரலைன்னா நேரா சொல்லிடு. வேற யாருக்குக் குடுக்கப்போற? ரொட்டிக்காரனுக்கா?"

நேராகச் சொல்லியிருக்க வேண்டும். 'உனக்குப் பார்வை போயிட்டுதடா' என்ற மூன்றே வார்த்தை. ஊரில் எல்லோரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கத் தெரிந்த எனக்கு அன்றைக்கு வாய் எழவில்லை. அவனுக்கு மார்கிட் இல்லை, பிள்ளை இல்லை, அலுவலகமும் முடிந்துவிட்டது. மிச்சமிருந்தது இந்த நோட்டும், அதைத் திறக்கும்போது மற்றவர்கள் வாயை மூடிக்கொள்கிற மரியாதையும்தான். அதையும் நானே பிடுங்கவா? "சோதனை முடிஞ்சு ராத்திரி சூப்புக்கு அப்புறம் தாளை ஒட்டுவேன், அப்பப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தெருமுனைவரை என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. எனக்கு வரும் யோசனைகளைப் பற்றி என் செத்துப்போன புருஷனுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. ஆனாலும் இது சுலபமாகத் தெரிந்தது. பலகையை மாட்டும் வேலையை இந்த வருஷம் நான் எடுத்துக்கொள்வது. இருட்டு கொஞ்சம் கூடியதும் பலகையை எடுத்துவிட்டு, வெறும் கம்பை மட்டும் விட்டுவிட்டு விசில் கொடுப்பது. ஓட்மார் வழக்கம்போல 'பன்றி, இடப்பக்கம்' என்று அடித்துவிடுவான். நாலு பேர் சிரிப்பார்கள், அவனும் அசடு வழிவான், திங்கட்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிப்போய்விடலாம்.

சோதனை அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பெஞ்சில் ஒன்பது பேர், பதினான்கு ஸ்கோப். நடுவில் ஓட்மார், பச்சைத் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பழைய ஸ்கோப் பதினாறாவது நிமிடத்தில் 'முடிந்துவிட்டது' என்று நோட்டில் ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் ஸ்கோப்பில் பளிச்சென்று பார்த்துக்கொண்டே 'ஆமாம் ஆமாம், முடிஞ்சுது' என்று தலையாட்டினார்கள். இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம், ஓட்மார் தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான்.

இருபத்து நாலாவது நிமிடம் நான் பலகையைக் கழற்றினேன். ஓக் மரப் பலகை, கனம் அதிகம். புல்லில் படுக்கவைக்கக் குனிந்தேனா, முழங்கால் பிடித்துக்கொண்டது. அறுபத்தாறு வயது முழங்கால் யாரைக் கேட்டுக்கொண்டு பிடிக்கிறது? இரண்டு கையையும் தரையில் ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். விசில் கழுத்தில் தொங்கியது. நான் இன்னும் ஊதவில்லை.

காற்றில்லாத அந்தி. எண்பது தப்படி தள்ளி அவன் பேசியது காதருகே பேசினதுபோலக் கேட்டது.

"எக்பர்ட், எழுதிக்கோய்யா. இருபத்தஞ்சு நிமிஷம். புது ஸ்கோப். என்ன வெளிச்சம்! ஒத்தைப் பன்னி. நல்ல பெருசு. வலப்பக்கம் பாத்து நிக்குது. குட்டி கிட்டி ஒண்ணும் இல்ல. தாராளமாச் சுடலாம்."

 எக்பர்ட்டின் குரல், ரொம்பத் தணிந்து: "ஓட்மார்... இன்னும் விசில் வரல. அது பன்னி இல்லய்யா."

"பின்ன என்ன, உன் ரொட்டி அடுப்பா? கழுத்து மயிரு சிலுத்துக்கிட்டு நிக்கிறதுகூடத் தெரியுதுய்யா எனக்கு!"

கழுத்து மயிர் என் கம்பளிச் சால்வை. போன கிறிஸ்துமஸுக்கு அவனே வாங்கிக் கொடுத்தது.

 துப்பாக்கி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அங்கே ஒரு நொடிகூடக் குனிந்திருக்க மனம் வரவில்லை. எப்படியோ முழங்காலை நிமிர்த்தி எழுந்து நின்றேன்.

"டேய், நான்தான்டா."

அவன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் நடந்து வர வர அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். பாதித் தூரம் வந்த பிறகுதான் தலையைத் தூக்கினான். தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை. மற்ற எட்டுப் பேரும் தங்கள் பூட்ஸை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"அக்கா, நீயா?" என்றான்.  "நீயா நின்னே அங்க?"

எனக்கு அழுகை வந்தது. எனக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும். "கழுத்து மயிராடா இது? தொட்டுப் பார்றா! நல்ல பெருசாம்ல, நல்ல பெருசு!" என்று கத்தினேன். அவன் சால்வையைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம் அதன் நுனியை விடவே இல்லை.

எங்கள் வழக்கப்படி பட்டாணி சூப்புக்குப் பிறகு வேட்டைக் கோர்ட்டு கூடும். தப்பு செய்தவனை நிற்கவைத்து, கரண்டி பிடித்த நீதிபதி விசாரித்து, பூட்ஸில் சாராயம் ஊற்றிக் குடிக்கவைப்பது போன்ற தண்டனை கொடுப்பார். வருஷம் முழுவதும் இதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு. அன்றைக்கு யாரும் கரண்டியைத் தொடவில்லை. வானிலையைப் பற்றி இவ்வளவு ஆழமாக எங்கள் சங்கம் அதற்கு முன் பேசியதே இல்லை.

ஓட்மார்தான் எழுந்தான். "கூட்டுய்யா கோர்ட்டை."

எக்பர்ட் வேண்டாவெறுப்பாகக் கரண்டியை எடுத்தார். "குற்றம் என்ன?"

"கூடப்பிறந்த அக்காவைப் பன்னின்னு சொன்னேன்."

"அது எங்க வீட்ல தினமும் நடக்குறதுதான்," என்றார் எக்பர்ட். "தள்ளுபடி."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். எப்படியாவது இது சிரிப்பில் முடிந்துவிட்டால் போதும் என்று எல்லோருக்குமே இருந்தது.

"சுடலாம்னும் சொன்னேன்," என்றான் ஓட்மார்.

 எக்பர்ட் கரண்டியைச் சூப்புப் பானையிலேயே போட்டார். ஓட்மார் என் முன்னால் கிடந்த தாளைத் தன் பக்கம் இழுத்தான். சோளக்காட்டுப் பரணுக்கு நேரே இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். கண்ணுக்கு ரொம்பக் கிட்டே பிடித்துப் பார்த்தான். அங்கே எக்பர்ட்டின் பெயரை எழுதினான். தன் பெயரை அறுவடை அன்றைக்குச் சோளத்துக்குள் இறங்கிக் கைதட்டி விரட்டுகிறவர்களின் வரிசையில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கீழே, கடைசியாக எழுதினான். பிறகு நோட்டை எடுத்து, 'பொய்யர்கள்' என்று எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடித்தான். அடிக்கும்போதும் தாள் கிழிந்தது.

கண் டாக்டரிடம் இப்போது நாள் வாங்கியிருக்கிறான். சும்மா போவானா? கண்ணுக்குள் வைக்கிற லென்ஸில் எத்தனை வகை, எந்தக் கம்பெனியுடையதில் எத்தனை சதவீதம் வெளிச்சம் உள்ளே வரும், அந்தியில் ஒப்பிட்டுப் பார்க்க இரவல் தருவார்களா என்று கேட்டு மூன்று பக்கத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறான். டாக்டர் அம்மா எனக்குப் போன் செய்து, இவர் உங்கள் சொந்தத் தம்பிதானா என்று கேட்டார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

சோதனைக்கு மறுநாள் காலை கதவைத் திறந்தேன். கைப்பிடியில் பளபளவென்று ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்று தொங்கியது, வேட்டைக் காட்டில் மனிதர்கள் மனிதர்களாகத் தெரியப் போட்டுக்கொள்வது. சீட்டு எதுவும் இல்லை. மாட்டிப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இறங்கியது, இரண்டு பக்கமும் இன்னொரு ஹெட்விக் நுழையலாம். முந்தின நாள் அந்த ஸ்கோப்பில் நான் எவ்வளவு பெரிய பன்றியாகத் தெரிந்திருக்கிறேன் என்பது அதைப் போட்ட பிறகுதான் விளங்கியது. மாற்றி வாங்கித் தரச் சொல்லவில்லை. தினமும் அதைத்தான் போட்டுக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் போகிறேன். வெகுதூரத்திலிருந்தே கையை ஆட்டுகிறான்.